ஊரைத் தூக்கிய நிறுத்தம்

ஒற்றைக் கண், அதற்கு மேல் ஒரே ஒரு புருவம். அது விழித்துப் பார்த்தால் பாடுகிறவர் வாயை மூட வேண்டும், வாசிக்கிறவர் கையைத் தூக்க வேண்டும். அது என்ன?

தலைமை ஆசிரியர் என்று சொல்ல நினைத்தவர்கள் கையை இறக்கிவிடலாம். அவருக்கு இரண்டு கண்கள், கண்ணாடியையும் சேர்த்தால் நான்கு. விடையை நானே சொல்லிவிடுகிறேன், இது விடையை ஒளித்து வைக்கிற கதை இல்லை. பியானோ வாசிக்கிறவர்கள் முன்னால் விரித்து வைத்துக்கொள்ளும் இசைத்தாளில் ஒரு குறி உண்டு: ஒரு புள்ளி, அதன்மேல் கவிழ்த்து வைத்த பிறை. அந்தக் குறி வந்தால் அங்கே நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், வாசிக்கிறவருக்கு இஷ்டமான நேரம். விதியே அவ்வளவுதான். பூவரசந்துறைக்காரர்கள் அதற்கு ஒத்தைக்கண் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த ஒத்தைக்கண் அந்த ஊரைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியதையும், தூக்கப்பட்ட ஊர் அந்தரத்தில் நின்றபடி என்னென்ன வேலைகளை முடித்துக்கொண்டது என்பதையும், கடைசியில் ஒரு சின்னப் பெண்ணிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

பூவரசந்துறைக்கு முன்னால் கடல், பின்னால் உப்பளம், நடுவில் ஒரு மாதா கோயில், கோயிலை ஒட்டி ஒரு மண்டபம், மண்டபத்தின் பின்னறையில், எந்தக் காலத்துக் கப்பலிலிருந்தோ இறக்கியவர்கள் திரும்ப ஏற்ற மறந்துபோன ஒரு பியானோ. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெர்க்மான்ஸ். மற்றவள் அவருடைய தங்கை ஜெசிந்தாவின் மகள் ப்ளோரி, பத்து வயது.

பெர்க்மான்ஸுக்கு அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிற வேலை. அந்த வேலையை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வார்கள்: ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லி உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சடித்த தாளில் சிவப்புப் பென்சிலோடு பின்னாலேயே போவார். இருபது வருஷம் இதைச் செய்ததில் பெர்க்மான்ஸுக்கு ஒரே மாதிரி இரண்டு பொருளைக் கண்டால் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. தட்டில் இரண்டு இட்லி வைத்தால்கூட எது மூலம், எது அச்சு என்று புரட்டிப் பார்ப்பார். கோபம் வந்தால் “வெளியே போ ஆச்சரியக்குறி!” என்பார்.

ஒரு நாள் பியானோ ஆடியது. ஆடாமல் இருக்க அதன் பின்கால் ஒன்றுக்கு அடியில் யாரோ என்றைக்கோ மடித்துச் செருகியிருந்த காகிதம் நைந்துபோயிருந்தது. பெர்க்மான்ஸ் அதை உருவிவிட்டு ஒரு பனைமரச் சில்லைச் செருகினார். உருவிய காகிதத்தைப் பிரித்தால், பழுப்பு மையில் கையால் எழுதிய இசைத்தாள். மேலே ஹோல்ட்ஸாப்பெல் என்று ஒரு ஜெர்மன்காரரின் கையெழுத்து. அதே ஹோல்ட்ஸாப்பெலின் அதே பாட்டு, அலமாரியில் இருந்த தடித்த பழைய அச்சுப் புத்தகத்திலும் இருந்தது. ப்ளோரி அதைத்தான் ஒரு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரே பாட்டு, இரண்டு தாள். பெர்க்மான்ஸுக்குக் கை அரித்தது.

“ஏட்டி ப்ளோரி, நீ மூலத்த வாசி. நான் அச்சப் பாக்கேன்.”

அவள் கையெழுத்தைப் பார்த்து வாசித்தாள், அவர் அச்சுப் புத்தகத்தில் பென்சிலோடு பின்தொடர்ந்தார். முதல் வரியிலேயே வேட்டை கிடைத்தது. கையெழுத்தில் மெதுவாகப் போகச் சொன்ன இடத்தில் அச்சு ஓடச் சொன்னது. கையெழுத்தில் இரண்டு சுரங்களைச் சேர்த்துக் கட்டிய வில் கோடு, அச்சில் மூன்றாவது சுரத்தின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

“அவனக் குத்தம் சொல்லக் கூடாது மக்களே,” என்றார் பெர்க்மான்ஸ், செத்து இருநூறு வருஷமாகிவிட்ட அச்சுக்காரனுக்காக. “அந்தக் காலத்துல ஈயத் தகட்டுல எல்லாத்தையும் இடவலம் மாத்தித் தட்டணும். ஓசாப்பிள்ளை எழுதுனது ஒரு பக்கம், இவன் தட்டுனது மறுபக்கம். சோத்து நேரமா இருந்திருக்கும்.”

ஹோல்ட்ஸாப்பெல் என்ற பெயர் பூவரசந்துறைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் ஓசாப்பிள்ளை ஆகிவிட்டது. அதன்பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை, பெர்க்மான்ஸ்கூட.

இப்படி வரிவரியாகப் போய், பக்கத்தின் கடைசிக்கு வந்தபோது, கையெழுத்தில் எந்தச் சுரமும் இல்லாத ஒரு வெற்றிடம் இருந்தது. அதன்மேல் ஒத்தைக்கண் விழித்துக்கொண்டிருந்தது. அச்சில் அது இல்லை. அச்சில் அந்த இடத்தைத் தாண்டிப் பாட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தது. ப்ளோரி மூலத்தில் உள்ளபடி கையைத் தூக்கினாள். நின்றாள்.

உடனே பூவரசந்துறை ஒரு முழம் மேலே எழும்பியது.

வீடுகளும் மரங்களும் தரையில் வேர் பிடித்தவை, அவை அப்படியே இருந்தன. மற்றபடி தரையில் சும்மா நின்றுகொண்டிருந்த எல்லாமே எழும்பின: கட்டிலும் கட்டிலில் கிடந்தவரும், ஆடும் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தவளும், உப்புக் குவியலும் அதன்மேல் மூடியிருந்த ஓலையும், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களும், புறப்பட நின்ற பேருந்தும் அதில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநரும், ஜெசிந்தாவின் தையல் இயந்திரமும் அதை மிதித்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவும், டீக்கடை மாஸ்டரும் அவருடைய இரண்டு கைக்கும் நடுவில் கயிறு போல நீண்டிருந்த டீயும். பிறகு ப்ளோரி பக்கத்தைத் திருப்பி அடுத்த சுரத்தை வாசித்தாள், எல்லாம் இறங்கின.

டீக்கடை மாஸ்டர் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, “ஆறிப்போச்சு,” என்றார். ஊர் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கும் ப்ளோரி வாசித்தாள், மறுநாளும் எழும்பினார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கடற்கரை ஊர் என்பதால் எல்லாருக்கும் நீச்சல் தெரியும். காற்றிலும் அதையே செய்தார்கள். ஐந்து மணி ஆனால் பெண்கள் துடைப்பத்தோடு காத்திருந்து, கட்டிலும் பீரோவும் எழும்பிய இடத்தில் காலகாலமாகக் கிடந்த தூசியைக் கூட்டித் தள்ளினார்கள், காணாமல் போன தோடும் கால்சட்டைப் பொத்தானும் கிடைத்தன. மீன்காரர்கள் வள்ளத்தின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினார்கள். ஆட்டோக்காரர்கள் ஜாக்கி இல்லாமல் டயர் மாற்றினார்கள். மாடுகள் அதுவரை எட்டாத முருங்கைக் கொப்பை எட்டித் தின்றன. கோழிகள் வேண்டுமென்றே அந்த நேரத்தில் முட்டையிட்டன, அதனால் கீழே வைக்கோல் பரப்ப வேண்டியிருந்தது. பூனைகள் மட்டும் இதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை; படுத்த வாக்கில் எழும்பி, படுத்த வாக்கில் இறங்கின.

ஜெசிந்தா ஊர்ப் பெண்களின் பாவாடை விளிம்பை அந்த நேரத்தில்தான் அளந்து குறித்தாள். “தரையில நிப்பாட்டி அளந்தா ஒரு காலுல சாஞ்சுல்லா நிக்காளுவ. அந்தரத்துல எவளும் சாய முடியாது,” என்றாள். அந்த வருஷத் திருவிழாவில் பூவரசந்துறைப் பாவாடைகள் போல நேர் விளிம்புள்ள பாவாடைகளை அந்தக் கரையோரமே பார்த்ததில்லை.

கோயில் சாமியார் பிரசங்கத்தில் இதை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. பூசை நேரத்தில் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார், கிண்ணத்துத் திராட்சை ரசம் தளும்புகிறதாம். பேரூராட்சித் தலைவர் லூர்தையாவுக்குத்தான் ஒரு மனக்குறை. அவர் குள்ளம். ஊரே ஒரு முழம் உயர்ந்தால் தானும் உயர்வோம் என்று நம்பியிருந்தார். எல்லாரும் அதே ஒரு முழம் உயர்ந்ததால் அவர் பழையபடி எல்லாருடைய தோளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை வந்தது நேரத்தை வைத்துத்தான். வாசிக்கிறவருக்கு இஷ்டமான நேரம் என்பது ஓசாப்பிள்ளை எழுதிவைத்த விதி, ஆனால் வாசிக்காதவர்களுக்கும் இஷ்டங்கள் இருந்தன. டயர் மாற்றுகிறவர்கள் நிறுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னார்கள். டீக்கடை மாஸ்டர் குறைக்கச் சொன்னார். தொட்டிலில் பிள்ளை வைத்திருந்தவர்கள், அந்தரத்தில் பிள்ளைகள் அடங்கித் தூங்குகின்றன, அதனால் முடிந்தால் ஏழு மணி வரை பிடி தாயி என்றார்கள். தினமும் நாலரை மணிக்கு மண்டபத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

“எம்மா ப்ளோரி, இன்னைக்கு வள்ளம் பெருசு, பாத்துப் பிடி.”

“கேக்காதட்டி. எனக்கு அடுப்புல பால் இருக்கு, பொசுக்குன்னு விட்டுரு.”

“மக்ரூன் கொண்டாந்திருக்கேன், தின்னுட்டு வாசி.”

வேறு யாராவது வாசித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள், அவர்களும் கேட்டார்கள். நிறுத்தத்தில் சும்மா இருப்பதுதானே வேலை, அதை நானே செய்கிறேன் என்று லூர்தையா ஒரு மாலை பியானோ முன் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல், எதையும் வாசிக்காமல் இருந்தார். ஒரு கோழி இறகுகூட எழும்பவில்லை.

“முன்னால ஒரு பக்கம் வாசிச்சாத்தான்வே அது நிறுத்தம். இல்லன்னா அது சும்மா உக்காந்திருக்கது,” என்றார் பெர்க்மான்ஸ்.

“அப்ப நீரு வாசியும்.”

பெர்க்மான்ஸ் வாசித்தார். பிசகில்லாமல் பக்கத்தின் கடைசிக்கு வந்து, கையைத் தூக்கினார், ஊர் ஒரு விரற்கடை எழும்பியது, அவர் இருபது வருஷப் பழக்கத்தில் “நிறுத்தக்குறி!” என்று உரக்கச் சொன்னார். ஊர் பொத்தென்று விழுந்தது. திரும்பவும் வாசித்தார், திரும்பவும் சொன்னார். மூன்றாவது தடவை வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். கைக்குட்டைக்குள்ளிருந்தும் அது கேட்டது.

ஆகவே ப்ளோரிதான், தினமும் ப்ளோரிதான்.

இதில் ஒரு சங்கதியை ஊர் முதலில் கவனிக்கவில்லை. பூவரசந்துறையில் ஊர் எழும்புவதைப் பார்க்காத ஒரே ஆள் ப்ளோரி. பியானோ இருந்த பின்னறைக்கு முதுகுப்பக்கம்தான் ஜன்னல்; முன்னால் சுவர், சுவருக்கு முன்னால் பியானோ, பியானோவின் மேல் தாள், தாளில் ஒத்தைக்கண். அவளோடு முக்காலியும் பியானோவும் தாளும் சேர்ந்தே எழும்பியதால் அவளுக்கு எதுவுமே நடந்தாற்போல் தெரியவில்லை. ஒத்தைக்கண் அவளைப் பார்க்கும், அவள் ஒத்தைக்கண்ணைப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். கண் தாளை விட்டு விலகியதுமே, திரும்பி முடிப்பதற்குள் ஊர் இறங்கிவிட்டது, நாற்பது முட்டையும் லூர்தையாவின் இடுப்பும் உடைந்தன. இடுப்பு பிறகு சேர்ந்துவிட்டது. நாவிதர் தம் கடைக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் சாய்த்து வைத்துப் பார்த்தார். அதுவும் சேர்ந்து எழும்பி, மெதுவாகத் திரும்பி, பெர்க்மான்ஸின் மூக்கை மட்டும் காட்டியது.

ராத்திரிச் சாப்பாட்டில் ப்ளோரி கேட்பாள்: “எம்மா, நாய் எப்பிடிம்மா நிக்கும்?”

“நாய் நாயாத்தான் நிக்கும். சோத்தப் பிசைஞ்சு தின்னு.”

“நாலு காலும் தொங்குமா, இல்ல மடக்கிக்கிடுமா?”

“சொன்னா வெளங்காதுட்டி. நேர்ல பாத்தாத்தான்...” என்று ஆரம்பித்த ஜெசிந்தா பாதியில் நிறுத்தி, மகளுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

இந்த நிலையில்தான் பெர்க்மான்ஸுக்கு மூலமும் அச்சும் முழுக்க ஒப்புநோக்கி முடிந்தது. பிழைத் திருத்தம் முடிந்தால் பதிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். சென்னையில் மிருதுளா ஐசக் என்ற அம்மாள் ஓசாப்பிள்ளையின் பாட்டுகளுக்குப் புதுப் பதிப்பு தயாரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரைக் கூப்பிட்டு, திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒத்தைக்கண் வரைக்கும் வந்தபோது அந்த அம்மாள், “தொடாதீங்க, நானே வர்றேன்,” என்றார்.

வந்தார். கையில் பூதக்கண்ணாடி, பையில் அதே பாட்டின் மூன்று முதல் பதிப்புகளின் ஜெராக்ஸ். ஓசாப்பிள்ளை பாட்டை ஒரே சமயத்தில் மூன்று தேசத்து அச்சுக்காரர்களுக்கு விற்றிருந்தாராம்; மூன்று பேரும் மூன்று விதமாகத் தப்புப் பண்ணியிருந்தார்கள். மூன்றிலும் ஒத்தைக்கண் இல்லை. மிருதுளா கையெழுத்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“இது அவரே போட்ட குறியா இருக்கலாம். பக்கம் இங்கே முடியுதுன்னு அச்சுக்காரன் போட்ட அடையாளமா இருக்கலாம். ஈ உட்கார்ந்த கறையாவும் இருக்கலாம்.”

“ஈயா?” என்றார் லூர்தையா. “ஈக்கு ஊரு எழும்புமா மேடம்?”

அன்று மாலை ப்ளோரி வாசிக்க, மிருதுளாவும் எழும்பினார், பூதக்கண்ணாடியைத் தாளிலிருந்து எடுக்காமலே. இறங்கியதும் சொன்னார்: “எழும்புது, ஒத்துக்கறேன். ஆனா ஊர் எழும்பறது பதிப்புக்கு ஆதாரம் ஆகாதுங்க. ஈக்கறைக்கும் எழும்பலாம், யார் கண்டா? மையைப் பார்த்துத்தான் சொல்லணும்.” மை மூன்றுக்கும் இடம் கொடுத்தது.

மறுநாள் மாலை மண்டபத்தில் கூடிய ஊருக்கு, பின்னறை வாசலில் நின்று அவர் விளக்கினார். புதுப் பதிப்பில் இந்தக் குறிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, பாட்டுக்குள்ளேயே போடலாம். அப்போது அந்தப் புத்தகத்தை வாங்குகிற யாரும் அங்கே நிற்பார்கள். இல்லையென்றால் பக்கத்தின் கடைசியில், அடிக்குறிப்பாக, சிறிய எழுத்தில் போடலாம். அடிக்குறிப்பை வாசிக்கிறவர்கள் உலகத்திலேயே பெர்க்மான்ஸும் இன்னும் இரண்டொருவரும்தான்.

“மை சொல்லாட்டி, அதிகமா வாசிச்சவங்களைக் கேக்கறது வழக்கம். ப்ளோரியைத்தான் கேக்கணும். பாட்டுக்குள்ள போடணும்னு அவ சொன்னா, நானே இப்ப உட்கார்ந்து அப்படியே வாசிச்சுப் பார்ப்பேன். நான் பதிப்பிக்கிறதைத்தான் வாசிப்பேன். அடிக்குறிப்புன்னா எனக்கு இதுல வேலை இல்ல, அடுத்த பேருந்துக்குக் கிளம்பிடுவேன்.”

மண்டபம் கலகலத்தது.

“அடிக்குறிப்பு!” என்றார் லூர்தையா. “புத்தகத்துல வந்தா பக்கத்து ஊரு கோரைப்பட்டிக்காரனும் வாங்குவானே! அவனும் எழும்புவானே! நம்ம வள்ளத்தப் பாத்து நேத்து வர வயிறு எரிஞ்ச பய!”

“கோரைப்பட்டிலயா? அங்க பியானோ ஏது?”

“எழும்பலாம்னு தெரிஞ்சா கடன உடன வாங்கியாவது கொண்டாருவான்வே!”

ஊர் முழுக்க அடிக்குறிப்பின் பக்கம் சாய்ந்தது. பாவாடை விளிம்பும் சிப்பி சுரண்டிய வள்ளமும் தங்களுக்கு மட்டுமே உரிய பெருமைகள் என்று ஒவ்வொருவரும் எடுத்துச் சொன்னார்கள். ஒருத்தி ப்ளோரியின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்தாள். டீக்கடை மாஸ்டர், நேரம் கூடினாலும் இனிமேல் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் வெள்ளைக் கவுன் போட்டு நடக்கிற இடம் வருஷாவருஷம் உனக்குத்தான் என்றார் லூர்தையா. அந்த இடத்துக்கு ஊரில் எல்லாச் சிறுமிகளும் ஆசைப்படுவார்கள், ப்ளோரியும்தான்.

பெர்க்மான்ஸ் மட்டும் வேறு பக்கம் நின்றார். “மூலத்துல இருந்தா அச்சுல இருக்கணும் முற்றுப்புள்ளி,” என்றார்.

“நீரு சும்மா இரும்வே!”

“எல்லாரும் சும்மா இருங்க,” என்றாள் ஜெசிந்தா. “அவ என்ன ஊருக்குப் போட்ட பம்புசெட்டா? அவளத்தான கேக்காவ. அவ சொல்லட்டும்.”

மிருதுளா, பியானோ முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ப்ளோரிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அவள் உயரத்துக்கு வந்தார். “ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணா. பாட்டுக்குள்ள போட்டா இது உன்னோடதா இருக்காது. உன்னைவிட நல்லா வாசிக்கிற பொண்ணு எங்கேயாவது இருப்பா, எங்கேயாவது ஒரு ஊரை உன்னைவிட அழகா நிறுத்துவா. அப்பறம் நாலரை மணிக்கு வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டாங்க. திரும்ப எடுக்கவும் முடியாது. அச்சானா அச்சானதுதான்.”

ப்ளோரி தாளைப் பார்த்தாள். தலையிலிருந்த மல்லிகைச் சரம் நழுவியது, அதைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க பிடிச்சா எவ்வளவு நேரம் பிடிப்பிய?” என்று மிருதுளாவைக் கேட்டாள்.

“எனக்கு இஷ்டமான நேரம்.”

“கடக்கரை வரைக்கும் போயிட்டு வர்ற நேரம் பிடிப்பியளா? அங்க நாய் நிக்கும்.”

“பிடிப்பேன்.”

“பேசாமப் பிடிக்கணும். பக்கத்துல மாமா பேசுவாவ, நீங்க பேசக் கூடாது.”

“பேச மாட்டேன்.”

லூர்தையா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். மணி ஐந்தாகப் போகிறது என்பதால் பழக்கத்தில் சிலர் துடைப்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பாட்டுக்குள்ளேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, ப்ளோரி முக்காலியிலிருந்து இறங்கி வெளியே போனாள்.